வழுவும் வழுவமைதியும்

'ஜீரோ ஏ.டி.' என்னும் கணினி விளையாட்டில் மௌரியர் தரப்பை எடுத்து ஆடுவோருக்கு வேலைக்கார யானை ஒன்று கிடைக்கும். போருக்குப் போகாத யானை அது. வெட்டிய மரத்தையும் உடைத்த கல்லையும் ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் அதனிடமே சேர்த்துவிடலாம். அதன் பெயர் 'கர்ம' என்னும் வடசொல்லில் தொடங்குகிறது. அதே தரப்பினர் எழுப்பும் அசோகர் தூணின் பெயர் 'சாசன ஸ்தம்பம்'. ஆடுவோரில் பெரும்பாலோர் இப்பெயர்களைப் படிக்காமலேயே அடுத்த படையெடுப்புக்குப் போய்விடுவர். தில்லியில் மொழியியல் பயிலும் ஒருவருக்கு அது எளிதன்று. அசோகர் நாட்டிய தூண்களில் இரண்டு இந்நகரத்தில்தான் நிற்கின்றன. அவற்றின் மேல் 'கர்ம' என்றோ 'ஸ்தம்ப' என்றோ எழுதுவதற்கு இடமே இல்லாத ஒரு மொழி பொறிக்கப்பட்டிருக்கிறது.

பெரோஸ் ஷா கோட்லாவின் அடுக்குக் கட்டடத்து உச்சியில் நிற்கும் தூண், இன்றைய அரியானாவின் தோப்ராவிலிருந்து பெரோஸ் ஷா துக்ளக் பெயர்த்துக் கொண்டுவந்தது. ஏழு தூண் சாசனங்களும் அதில் உள்ளன. ஏழாவது சாசனம் உலகில் வேறெந்தத் தூணிலும் இல்லை. அந்த ஏழாவது சாசனத்தில் கல்தூணைக் குறிக்கும் சொல் வருகிறது: 'சிலாதம்ப'. வடமொழியின் 'ஸ்த' இங்கே மூச்சொலி கலந்த ஒற்றை மெய்யாகச் சுருங்கிவிட்டது. அரசனைக் குறிக்கும் சொல்லும் 'ராஜா' அன்று, 'லாஜா'. கிழக்கு வழக்கில் ரகரம் முழுக்க லகரமாகிவிடும். ஆக, விளையாட்டில் உள்ள தூணுக்கு ஒரு பெயர், கல்லில் உள்ள தூண் தன் இனத்துக்குச் சொல்லும் பெயர் வேறொன்று.

இது வழுவா?

இக்கேள்விக்கு விடை சொல்லும் முன்பு இந்த விளையாட்டு எப்படி உருவாகிறது என்பதைச் சற்று அறிந்துகொள்வது நலம். 2001இல் வேறொரு புகழ்பெற்ற விளையாட்டின் மாற்று வடிவமாக எண்ணப்பட்டு, பிறகு தனி விளையாட்டாக வளர்ந்து, 2009இல் மூலநிரல் பொதுவில் திறக்கப்பட்டது. நிரல் ஜி.பி.எல். உரிமத்திலும், ஓவியமும் இசையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் கிடைக்கின்றன. மௌரியர் தரப்பு 2013இல் 'மகத' என்று பெயரிடப்பட்ட பதிப்பில் வந்து சேர்ந்தது. செய்வோர் தன்னார்வலர்கள். அலுவலகம் முடிந்த மாலையிலும் விடுமுறை நாளிலும் எழுதுவோர். அவர்களிடம் ஒரு குறையைச் சொல்வதற்கு உள்ள வாசல் வழுப்பதிவேடு. அந்த வாசலில் மானுடவியல் புலங்களைச் சேர்ந்தோர் பெரும்பாலும் தவறான முறையில்தான் நுழைகின்றனர்.

தவறான முறை எப்படியிருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம். 'மௌரியர் பேசியது வடமொழி அன்று. வரலாற்றைத் திரித்திருக்கிறீர்கள். உடனே திருத்துக.' மூன்று வாக்கியங்கள். இதில் முதல் வாக்கியம் பாதி உண்மை, இரண்டாவது குற்றச்சாட்டு, மூன்றாவது கட்டளை. எந்தப் பதிப்பில், எந்தக் கோப்பில், எந்தச் சொல் என்பது இல்லை. என்ன இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இதைப் படிக்கும் தன்னார்வலர் செய்யக்கூடிய வேலை எதுவும் இதில் இல்லாமையால் அது மூடப்படும். எழுதியவரோ தம் துறையை நிரலாளர்கள் மதிப்பதில்லை என்று கருத்தரங்கில் வருந்துவார்.

பயன்படும் அறிக்கைக்குத் தலைப்பே பாதி வேலையைச் செய்துவிடும்: 'மௌரியர் தரப்பு: அசோகர் தூணின் பெயர் சாசனங்களின் சொல்வடிவோடு பொருந்தவில்லை.' அதன் கீழே விளையாட்டின் பதிப்பு எண். பெயர் திரையில் எங்கே தோன்றுகிறது. இப்போது என்ன இருக்கிறது. தோப்ரா தூணின் ஏழாவது சாசனத்தில் என்ன இருக்கிறது, அதை எந்த அச்சுப் பதிப்பில் சரிபார்க்கலாம். என்ன வைக்கலாம் என்ற முன்மொழிவு. யானையின் பெயரை இதே அறிக்கையில் சேர்க்கக் கூடாது. அது இன்னொரு வழு, இன்னொரு எண். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால், ஒன்று தீர்ந்து மற்றொன்று தீராத நிலையில் அந்த அறிக்கையைத் திறந்து வைப்பதா மூடுவதா என்பது ஒருவருக்கும் விளங்காது.

இப்படி எழுத முனையும்போதுதான் விவகாரம் எவ்வளவு சிக்கலானது என்பது எழுதுபவருக்கே புலப்படத் தொடங்கும். எந்த வழக்கைக் கொள்வது? கிர்நாரின் மேற்கு வழக்கு ரகரத்தை விட்டுவைத்திருக்கிறது. கால்சியும் தௌலியும் லகரம் பேசுகின்றன. ஷாபாஸ்கடியில் எழுத்தே வேறு, கரோஷ்டி. மௌரியத் தலைநகர் பாடலிபுத்திரம் என்பதால் கிழக்கு வழக்கே பொருத்தம் எனலாம். அப்படியானால் விளையாட்டில் உள்ள எல்லா 'ராஜ'வும் 'லாஜ' ஆக வேண்டும். அடுத்து, அசோகப் பிராமி இரட்டித்த மெய்யை இரட்டித்து எழுதுவதில்லை. ஒலித்தது 'கம்ம', எழுதியது 'கம' அல்லது 'கங்ம' போன்றதொரு வடிவம். திரையில் எழுத்தைக் காட்டுவதா ஒலியைக் காட்டுவதா? அதற்கும் மேல், கல்வெட்டில் வராத சொற்கள் இருக்கின்றன. வாள்வீரனுக்கும் வில்வீரனுக்கும் அசோகர் சாசனத்தில் பெயர் தேடினால் கிடைக்காது. ஒலிமாற்ற விதிகளைக் கொண்டு வடசொல்லிலிருந்து மீட்டுருவாக்கம் செய்ய வேண்டும். மீட்டுருவாக்கிய சொல்லின் முன் உடுக்குறி இடுவது மொழியியலார் மரபு. விளையாட்டுத் திரையில் உடுக்குறிக்கு இடமேது? இவ்வளவையும் பார்த்த ஒரு குழு, 'அர்த்தசாஸ்திரம் வடமொழியில் உள்ளது, அகராதிகள் உள்ளன, எல்லாப் பெயர்களையும் ஒரே மொழியில் வைப்போம்' என்று முடிவு செய்தால் அது அறியாமை ஆகாது. தெரிந்தே கொண்ட ஒரு மரபாக இருக்கலாம்.

தமிழில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் 'பக்' என்பதற்கு 'வழு' என்ற சொல்லை எடுத்தாண்டனர். அந்தச் சொல் தனியாக வரவில்லை, தன் குடும்பத்தோடு வந்தது என்பதை அவர்களிற் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் தொடங்கி நன்னூலார் வரை, சொல்லிலக்கணத்தார் மூன்று நிலைகளைப் பேசுகின்றனர்: வழாநிலை, வழு, வழுவமைதி. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும். வழுவமைதி என்பது தோற்றத்தில் வழு. ஆயினும் ஒரு காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்பட்டது. உவப்பினால் பசுவைத் தாயாக்கி உயர்திணை முடிபு கொடுப்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த எடுத்துக்காட்டு. வழுப்பதிவேடுகளில் 'திருத்தப்படாது', 'எண்ணியே செய்தது' என்று முத்திரையிட்டு மூடப்படும் அறிக்கைகள் இருக்கின்றனவே, அவை அனைத்தும் வழுவமைதிகள். இலக்கணத்தார் வழுவமைதிக்குக் காரணம் கேட்டனர்: உவப்பா, உயர்வா, சிறப்பா, சினமா, இழிவா. காரணம் சொல்லாமல் 'திருத்தப்படாது' என்று மூடும் குழுக்கள் அந்த ஒழுங்கை இழந்துவிட்டன. மூன்று மாதம் கழித்து அதே முறைப்பாட்டை இன்னொருவர் கொண்டுவரும்போது முதலிலிருந்து சண்டை தொடங்கும். மௌரியர் பெயர்களை வடமொழியில் வைத்ததன் காரணம் ஓர் அறிக்கையின் அடியில் நான்கு வரி எழுதப்பட்டிருந்தால், தில்லியின் மொழியியல் மாணவர் அதைப் படித்து, ஏற்றோ மறுத்தோ, அடுத்த படிக்குப் போகலாம்.

பெயர்ச்சிக்கல் எப்படியும் ஆட்டத்தை நிறுத்திவிடாது. விளையாட்டு நிரலாளர்களின் உறக்கத்தைக் கெடுப்பவை வேறு வகை. இணையவழியில் எட்டுப் பேர் சேர்ந்து ஆடும் இத்தகைய விளையாட்டில் ஒவ்வொருவர் கணினியும் முழுப் போரையும் தானே கணக்கிடுகிறது. யார் எந்தப் படையை எங்கே அனுப்பினார் என்னும் கட்டளைகள் மட்டுமே வலைவழியே போகின்றன. நூற்றுக்கணக்கான வீரர்களின் இருப்பிடத்தை நொடிதோறும் அனுப்பிக்கொண்டிருக்க இயலாது என்பதால் இந்த ஏற்பாடு. இது நிலைக்க வேண்டுமானால் எட்டுக் கணினியிலும் கணக்கு இம்மியும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். பின்ன எண்களை ஒவ்வொரு செயலியும் சற்று வேறாக வட்டமாக்கக்கூடும் என்று அஞ்சியே 'ஜீரோ ஏ.டி.' குழுவினர் புள்ளி நகராத எண்முறையைக் கையாள்கின்றனர். சைன், கொசைன் போன்ற சார்புகளைக்கூடத் தாமே எழுதிக்கொண்டனர். அவ்வளவுக்குப் பிறகும் எங்கோ ஓர் ஈட்டி ஒரு கணினியில் பட்டு மற்றொன்றில் தவறினால் போதும், இருபதாவது நிமிடத்தில் எட்டுப் பேரும் எட்டு வேறு போர்களை ஆடிக்கொண்டிருப்பார்கள். விளையாட்டு அவ்வப்போது எல்லாக் கணினிகளின் நிலையையும் ஒரு சுருக்க எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்து, 'ஒத்திசைவு பிறழ்ந்தது' என்று அறிவிக்கும்.

இந்த வழுவை 'நேற்றிரவு ஆட்டம் குழம்பிப்போயிற்று' என்று எழுதி அனுப்புவதால் ஒரு பயனும் விளையாது. ஆனால் இதே அமைப்பில்தான் அதற்கான மருந்தும் இருக்கிறது. கட்டளைகள் மட்டுமே போரை நடத்துகின்றன என்றால், கட்டளைகளைச் சேமித்த சிறு கோப்பு ஒன்று போதும், அந்தப் போரை எழுத்துப் பிசகாமல் மறுபடியும் நடத்திப் பார்க்கலாம். அந்தக் கோப்பை இவ்விளையாட்டு தானாகவே எழுதி வைக்கிறது. அதை இணைத்து அனுப்பும் ஆட்டக்காரர், நிரல் ஒரு வரி தெரியாதவராயினும், நிரலாளருக்கு வேண்டியதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகிறார். கொடோ என்னும் விளையாட்டுப் பொறியின் குழுவினர் வழுவைக் காட்டும் மிகச்சிறிய மாதிரித் திட்டம் ஒன்றைக் கேட்டு வாங்குவதும் இதே நோக்கத்தினால்தான். மொழியியலில் இதற்கு இணையான பயிற்சி உண்டு. ஒரு கிளைமொழியில் ஒரு தொடர் ஏற்புடையதா என்று கேட்கும் ஆய்வாளர் இருபது சொல் நீளமுள்ள வாக்கியத்தைத் தகவலாளியிடம் நீட்டமாட்டார். ஒன்றை மட்டும் மாற்றிய இரண்டு குறுந்தொடர்களை வைப்பார். குறைந்தபட்ச இணை என்று முதலாண்டிலேயே கற்கும் அந்த உத்தியே வழு அறிக்கையின் உயிர். இவ்வகையில் மொழியியல் மாணவர்கள் தங்களை அறியாமலே தேர்ந்த வழுவறிக்கையாளர்கள்.

தமிழ் எழுத்து தொடர்பான வழு ஒன்றைக் கொண்டு இதைத் தெளிவாக்கலாம். கொடோ பொறியின் மூன்றாம் பதிப்பு வரிசையில் சிக்கலான எழுத்துக் கோவைக்கு ஆதரவு இல்லை. 'கெ' என்பதில் ககரம் முதலில், ஒற்றைக்கொம்பு பிறகு என்பது யூனிகோடு சேமிக்கும் வரிசை. திரையில் கொம்பு முன்னால் போக வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்ய ஆளில்லாத இடத்தில் கொம்பு பின்னாலேயே தங்கிவிடும். 'கொ' இருபுறமும் பிரியாமல் கிடக்கும். தமிழில் விளையாட்டு செய்ய விரும்பிய எவரும் முதல் பொத்தானிலேயே மனம் சோர்ந்திருப்பர். 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பில் எழுத்துக் கோவை முற்றிலும் புதிதாக எழுதப்பட்டு, ஹார்ஃப்பஸ் நூலகத்தின் துணையோடு, இது தீர்ந்தது. அரபும் தேவநாகரியும் தாய் எழுத்தும் இதே பயனைப் பெற்றன. 'தமிழ் சரியாகத் தெரியவில்லை' என்று எழுதினால், எழுத்துருவைக் குற்றம் சொல்வதா, பொறியைச் சொல்வதா, உள்ளிட்ட விசைப்பலகையைச் சொல்வதா என்று தமிழ் அறியாத நிரலாளர் திகைப்பார். 'இவ்விரண்டு குறியெண்கள் இவ்வரிசையில் உள்ளன. இடப்பக்கம் வர வேண்டிய குறி வலப்பக்கம் வருகிறது. அதே எழுத்துருவில் உலாவியில் சரியாக வருகிறது. இரு படங்களும் இணைப்பில்' என்று எழுதினால் தமிழின் ஓரெழுத்தும் அறியாதவருக்கும் வழு கண்ணுக்குத் தெரியும். மொழியுணர்ச்சியை அறிக்கைக்கு வெளியே வைத்துவிடுவது நல்லது. அது உள்ளே இருந்தால் படிப்பவர் முதலில் அதற்குப் பதில் சொல்லப் புறப்பட்டுவிடுவார்.

கோட்லாவைப் பற்றி ஓர் இடைச்செருகல். வியாழக்கிழமைகளில் அங்கே வாழும் ஜின்களுக்கு மக்கள் மனு எழுதி மாடங்களில் வைக்கின்றனர். ஒரே மனுவை ஒளிநகல் எடுத்துப் பல மாடங்களில் வைப்பதும், விலாசத்தையும் நிழற்படத்தையும் இணைப்பதும் வழக்கம். ஆனந்த் விவேக் தனேஜா இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். எந்த ஜின் எந்தத் துறையைக் கவனிக்கிறார் என்பது தெரியாத நிலையில் நகல் எடுத்து எல்லாருக்கும் அனுப்புவது முற்றிலும் நியாயமான செயல்தான். வழுப்பதிவேட்டில் அது தேவையில்லை. அங்கே முன்னரே வந்த மனுக்களைத் தேடிப் பார்க்கும் வசதி இருக்கிறது. தம் குறை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தால் அதன் அடியில் 'புதிய பதிப்பிலும் இது நிகழ்கிறது, என் கணினி இன்னது' என்று சேர்ப்பதே புதிய மனுவை விடப் பயனுடையது.

இனி மாற்றத்தைச் செய்வோரின் பக்கம். ஒரு மாற்றத்தைக் களஞ்சியத்தில் சேர்க்கும்போது எழுதும் குறிப்போடு கூடியது கமிட். 'திருத்தம்', 'சில மாற்றங்கள்', 'மறுபடியும் திருத்தம்', 'இப்போது வேலை செய்ய வேண்டும்' என்றிவ்வாறு குறிப்பு எழுதும் நிரலாளர்களைக் கண்டு முனைவர் பட்ட மாணவர்கள் சிரிக்கத் தேவையில்லை. 'இயல் 3 இறுதி', 'இயல் 3 இறுதி புதியது', 'இயல் 3 நெறியாளர் பார்த்தது இறுதி' என்று கோப்புகளுக்குப் பெயரிட்டுக் கொண்டிருப்போர் அவர்கள். என்ன மாறியது என்பதை இயந்திரமே வரிவரியாகக் காட்டும். அதைத் திரும்ப எழுதுவது வீண். ஏன் மாறியது என்பதை எழுதியவர் சொன்னால்தான் உண்டு. 'தூணின் பெயரை மாற்றினேன்' என்ற குறிப்பு ஐந்து ஆண்டு கழித்து வருபவருக்கு ஒன்றும் தராது. 'தோப்ரா ஏழாம் சாசனத்தின் வடிவத்தைக் கொண்டேன். கிர்நார் வழக்கைக் கொள்ளாததற்குக் காரணம் இது. இன்ன எண்ணுள்ள அறிக்கையைக் காண்க' என்ற குறிப்பு அவருக்கு ஒரு நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

ஒரு கமிட்டில் ஒரு மாற்றம் என்னும் விதி அழகுக்காகச் சொல்லப்படுவதன்று. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் நிரலில் வரலாற்றை இருகூறாக்கித் தேடும் வசதி ஒன்று உண்டு. ஆயிரம் கமிட்டுகளுக்கு முன் இல்லாத வழு இன்று இருக்கிறது என்றால், நடுவில் உள்ள ஐந்நூறாவதை எடுத்து இயக்கிப் பார்ப்பது. வழு இருந்தால் முற்பாதியிலும் இல்லையேல் பிற்பாதியிலும் தொடர்வது. ஏறத்தாழ பத்துச் சோதனையில் குற்றவாளி அகப்படும். அகப்பட்ட கமிட்டில் நாற்பது கோப்புகளில் தொடர்பற்ற பதினைந்து மாற்றங்கள் இருந்தால், பத்துச் சோதனையின் பயனும் அங்கேயே செத்துவிடும். பாதியில் நிற்கும் ஓடாத நிரலைக் களஞ்சியத்தில் சேர்ப்பதும் இதே தீங்கைச் செய்யும். தேடல் அந்த இடத்தில் முட்டி நிற்கும். விளையாட்டுகளில் இன்னொரு தொல்லை, ஓவியமும் முப்பரிமாண உருவும் ஒலியும். அவற்றில் என்ன மாறியது என்பதைக் கிட் வரிவரியாகக் காட்டாது. யானையின் தந்தத்தை ஓவியர் நீட்டியிருந்தால் அதைச் சொல்ல அவருடைய குறிப்பைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஓவியர்களே நிரலாளர்களை விட விரிவாகக் குறிப்பெழுத வேண்டியவர்கள். நடப்பில் இது தலைகீழ்.

அசோகரின் சாசனங்களை இந்தக் கண்கொண்டு படித்தால் வியப்பு மிகும். முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் எழுதுவித்தது என்று தூண் சாசனங்கள் தேதியிட்டுப் பேசுகின்றன; ஏழாவது மட்டும் 27 என்கிறது. ஆணையிட்டவன் பெயர் தொடக்கத்திலேயே வருகிறது. கர்நாடகத்தின் பிரம்மகிரியிலும் அதன் அண்டையிலும் சிறுபாறைச் சாசனத்தின் முடிவில், பிராமியோடு கரோஷ்டி எழுத்தும் கலந்து, 'சபடன்' என்ற எழுத்தன் கையொப்பம் இருக்கிறது. ஆணையிட்டவர் ஒருவர், பொறித்தவர் ஒருவர் என்ற பிரிவை கிட் இன்றும் தன் இரண்டு தனிப் புலங்களில் காத்துவருகிறது. பதினான்காம் பாறைச் சாசனமோ வெளிப்படையான ஒரு வழுக்குறிப்பு. இச்சாசனங்கள் சில இடத்தில் சுருக்கமாகவும் சில இடத்தில் விரிவாகவும் உள்ளன; சிலவற்றில் குறையிருக்கலாம்; இடமோ எழுத்தனின் தவறோ அதற்குக் காரணமாகலாம் என்னும் பொருள்பட அமைந்தது அது. தன் வெளியீட்டில் குறையுண்டு என்று கல்லிலேயே எழுதிவைத்த பேரரசன் அரியவன்தான். கோட்லாத் தூணிலேயே 1164இல் சாகம்பரிச் சௌகான் மரபின் விசாலதேவன் தன் புகழைப் பொறித்தான். பழைய எழுத்தை அழிக்காமல் அருகே பொறித்ததால் இரண்டும் இன்று படிக்கக் கிடைக்கின்றன.

எழுத்தனின் கையொப்பம் என்ற செய்தி ஆய்வாளர்களுக்குப் பழங்கதை அன்று. ஒரு விளையாட்டுக்குச் சொற்பட்டியல் தருவோர், ஒலிப்பைச் சரிபார்ப்போர், குரல் கொடுப்போர், மொழிபெயர்ப்போர் ஆகியோர் பெரும்பாலும் களஞ்சியத்தில் நேரடியாக எழுதுவதில்லை. மின்னஞ்சலிலோ அரட்டையிலோ கொடுத்ததை வேறொருவர் தம் பெயரில் சேர்த்துவிடுகிறார். வேண்டுமென்றே எவரும் மறைப்பதில்லை. சேர்ப்பவர் கைக்குப் பழகிய வழி அது. கமிட் குறிப்பின் கடைசியில் இணையாசிரியர் பெயரை ஒரு வரியில் சேர்க்க முடியும். அந்த ஒரு வரி இல்லாமையால், இரண்டு மாதம் செலவழித்துப் பழங்கிளைமொழிச் சொற்களைத் திரட்டிய ஆய்வு மாணவருக்குத் தம் பணியைக் காட்ட ஓர் ஆதாரமும் மிஞ்சுவதில்லை. உதவித்தொகை விண்ணப்பத்தில் 'பங்களிப்பு' என்ற கட்டம் வெறுமையாக இருக்கும். ஆகவே பட்டியலை அனுப்பும்போதே 'என் பெயரை இணையாசிரியராகச் சேர்க்கவும்' என்று கேட்பதில் நாணத்துக்கு இடமில்லை. ஏட்டுச்சுவடி தந்தவர்களின் பெயரையும் ஊரையும் முகவுரையில் வரிசையாக எழுதிய உ.வே.சா.வின் நாட்டில் இது புதிய கோரிக்கையும் அன்று.

யார் எழுதியது என்ற பதிவு இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்குத் தில்லி ஒரு பெரிய எடுத்துக்காட்டையே தந்திருக்கிறது. அது விளையாட்டு அன்று. 2020 ஏப்ரல் 2 அன்று ஆரோக்கிய சேது செயலி வெளியாயிற்று. மே 26 அன்று அதன் ஆண்ட்ராய்டு மூலநிரல் பொதுவில் திறக்கப்பட்டு, வழு கண்டுபிடிப்போருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பரிசும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அச்செயலியை உருவாக்கியவர் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டபோது, உருவாக்கம் பற்றிய தகவல் தங்களிடம் இல்லை என்று தேசியத் தகவலியல் மையம் விடையளித்தது. மத்தியத் தகவல் ஆணையம் அவ்வாண்டு அக்டோபரில் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பியது. அரசும் தொழில்துறையினரும் கல்விப்புலத்தாரும் தன்னார்வலர்களும் சேர்ந்து செய்தது என்று அரசு பிறகு விளக்கியது. அவ்விளக்கம் மெய்யாகவே இருக்கட்டும். முதல் வரியிலிருந்து கமிட் வரலாறு பொதுவில் இருந்திருந்தால், ஆணையத்துக்கும் மையத்துக்கும் இடையே அத்தனை தாள் ஓடியிருக்காது.

வரலாறு இருந்தும் இழக்கப்படுவதுண்டு. 'வெஸ்னாத்', 'ஃப்ரீசிவ்' என்னும் இரண்டு கட்டற்ற விளையாட்டுகளும் நெடுங்காலம் தம் வழுப்பதிவேட்டை 'க்னா' என்ற சேவையகத்தில் வைத்திருந்தன. 2017இல் அது மூடப்பட்டது. இரண்டும் குடிபெயர நேர்ந்தது. 'ஜீரோ ஏ.டி.'யும் 2024இல் தன் பழைய சப்வெர்ஷன் களஞ்சியத்திலிருந்து கிட்டுக்கு மாறியது. கிட்டில் உள்ள நிரல் வரலாறு ஒவ்வொருவர் கணினியிலும் முழு நகலாக இருக்கிறது. வழுப்பதிவேட்டுக்கு அத்தகைய காப்பு இல்லை. ஒரே சேவையகத்தில் ஒரே பிரதி. 'அந்த அறிக்கையைக் காண்க' என்று கமிட் குறிப்பு சுட்டும் அறிக்கை அழிந்துபோனால் காரணமும் உடன் அழியும். எனவே வாதத்தின் சாரத்தை இரண்டு வரியில் கமிட்டிலேயே எழுதிவிடுவது விவேகம்.

திறந்து கிடக்கும் பழைய அறிக்கைகளைக் கண்டால் சில குழுக்களுக்கு ஆகாது. குறிப்பிட்ட நாள் எவரும் மறுமொழி எழுதாவிட்டால் தானாக மூடும் இயந்திரங்களை அமர்த்திவிடுகின்றனர். பட்டியல் சிறிதாகும், வழு அப்படியே இருக்கும். அசோகரின் இரண்டாம் பாறைச் சாசனம் தன் எல்லைக்கு அப்பாலுள்ள தென்னாட்டாரைச் சோழர், பாண்டியர், சதியபுதோ என்று வரிசைப்படுத்துகிறது. அடுத்து வரும் பெயர் கிர்நாரில் 'கேதலபுதோ', கால்சியில் 'கேலலபுதோ'. சேரரைக் குறிக்கும் சொல்லில் கிர்நார் எழுத்தன் ஓரெழுத்தைப் பிழையாக வெட்டினான் என்பது பொதுக்கருத்து. பல இடங்களின் பிரதிகளை ஒப்பிட முடிந்ததால் அந்த வழு எளிதில் தீர்ந்தது. 'சதியபுதோ' யார் என்பது தீரவில்லை. 1830களில் ஜேம்ஸ் பிரின்செப் கிர்நாரைப் படித்து வெளியிட்ட நாள்முதல் அறிஞர்கள் பற்பல குலங்களையும் ஊர்களையும் முன்மொழிந்து வந்தனர். விடை 1981இல் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் கிடைத்தது. அங்குள்ள குகையின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயருக்கு முன்னால் 'சதியபுதோ' என்ற அதே சொல் நின்றது.